மூன்று டப்பாக்களும் ஒரே மட்டம்

தர்மம் செய்ய வருகிறவர்களைக் கண்ணாடி டப்பாக்களுக்கு முன் நிறுத்தி, கையில் ஒரு பச்சை பிளாஸ்டிக் வில்லையையும் கொடுத்து, "நாயா, மரமா, பிள்ளையா?" என்று கேட்கிற காலம் வரும் என்று சுலைகா கனவிலும் நினைத்ததில்லை. வந்துவிட்டது. மும்பை செம்பூரில் அந்தப் பெரிய சூப்பர் மார்க்கெட்டில், பில் போடுகிற இடத்தைத் தாண்டியதும், வாசல் ஏ.சி. காற்று தலையில் அடிக்கிற இடத்தில் மூன்று டப்பாக்கள் வைத்திருந்தார்கள். மேலே பெரிய போர்டு: 'ஆப்கா டோக்கன், ஆப்கா தில்.' உங்கள் டோக்கன், உங்கள் மனசு. ஐந்நூறு ரூபாய்க்கு வாங்கினால் ஒரு டோக்கன். ஐந்நூறுக்குக் கீழே வாங்குகிறவனுக்கு தில் கிடையாது போலிருக்கிறது.

முதல் டப்பா தெருநாய்களுக்கான இல்லத்துக்கு. இரண்டாவது, கடலோரத்து மேங்ரோவ் காட்டைச் சுத்தம் செய்கிறவர்களுக்கு. மூன்றாவது, தாராவியில் பானுமதி டீச்சர் நடத்துகிற பேச்சு வகுப்புக்கு. அந்த வகுப்பில்தான் சுலைகாவின் மகள் சபா படிக்கிறாள்.

சபாவுக்கு ஐந்து வயது. பிறவியிலேயே காது கேளாது. ஒன்றரை வருஷத்துக்கு முன் காதுக்கு மெஷின் வாங்கி மாட்டினார்கள். மாட்டினால் மட்டும் பேச்சு வந்துவிடாது. வருகிற சத்தத்தில் எது அம்மாவின் குரல், எது மிக்ஸி என்று பிள்ளைக்குப் பிரித்துச் சொல்லிக்கொடுக்க வேண்டும். காது கேளாதோர் பள்ளியில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பானுமதி டீச்சர் மாட்டுங்காவிலிருந்து வாரம் நாலு நாள் வந்து, பதினோரு பிள்ளைகளுக்கு அதைச் செய்தார். தனக்கென்று எதுவும் கேட்டதில்லை. அவருக்கு வேண்டியதெல்லாம் ஒன்றுதான், சத்தமில்லாத ஓர் அறை.

தாராவியில் எது வேண்டுமானாலும் கிடைக்கும். தோல் ஜாக்கெட், மண்பானை, அப்பளம், அமெரிக்காவுக்குப் போகிற கைப்பை எல்லாம் கிடைக்கும். சத்தமில்லாத அறை மட்டும் கிடைக்காது. இத்தனை நாள் ஒரு பழைய வாசகசாலையின் மாடியில் வகுப்பு நடந்தது. செப்டம்பரோடு அதை குடோனாக்கப் போகிறேன் என்று சொந்தக்காரர் சொல்லிவிட்டார். லேபர் கேம்ப் பக்கம் ஒரு நல்ல அறை இருந்தது; அட்வான்ஸைக் கேட்டாலே நமக்குக் காது அடைத்துப்போகும். மூன்று மாதம் நடக்கிற டப்பாப் போட்டியில் அதிக டோக்கன் வாங்கி முதலாவதாக வந்தால் கடை கொடுக்கிற தொகை அதற்குச் சரியாக இருக்கும். வராவிட்டால் வகுப்பு இல்லை. இதை விட்டால் இருக்கிற வகுப்பு நவி மும்பை கோபர்கைரனேயில். காது மெஷின் மாட்டிய பிள்ளையை வாரம் நாலு நாள் ரெண்டு ரயில் மாற்றிக் கூட்டிப் போக வேண்டும்.

"மூணு மாசம், நம்ம கல்லி பூரா, சந்துல ஒரு வீடு விடாம, அங்க போய்ச் சாமான் வாங்கணும் மச்சான்," என்றாள் சுலைகா கணவனிடம்.

நஜிமுதீன் தொண்ணூறடி ரோட்டுக்குப் பின்னால் பை தைக்கிற பட்டறை வைத்திருக்கிறான். எட்டு மெஷின், ஒன்பது ஆட்கள். அவன் சிரித்த சிரிப்பில் வாயிலிருந்த டீ மீசைக்கு வந்தது.

"வலது கை குடுக்கது இடது கைக்குத் தெரியப்பிடாதுன்னு நமக்குச் சொல்லித் தந்திருக்கு. இவன் கண்ணாடி டப்பா வச்சு ஊருக்கே காட்டுதான். அதுவும் அவன் துட்டுல இல்ல, நம்ம துட்டுல. இதுல போய் நிக்கணுமாக்கும்?"

"அப்பொ கோபர்கைரனேக்கு நீங்க கூட்டிட்டுப் போறியளா?"

அவன் டீயைக் குடித்து முடித்தான்.

சுலைகா பக்கத்து வீட்டுப் பேராச்சியிடம் போனாள். பேராச்சிக்கு ஐம்பது வயது. அவள் கணவன் பூதத்தான்தான் நஜிமுதீன் பட்டறையில் கட்டிங் பார்க்கிறான். கல்லியில் பேராச்சி சொன்னால் பதினைந்து வீட்டுப் பெண்கள் கிளம்புவார்கள்.

"அஞ்சு ரூவா சாம்பு பாக்கெட்டு வாங்குத கூட்டத்த ஐந்நூறு ரூவாக்கு வாங்கச் சொல்லுதியே," என்றாள் பேராச்சி. ஆனால் சபா அவள் மடியில் கிடந்து வளர்ந்தவள். "சரி, அரிசி, எண்ண, சோப்புத்தூளெல்லாம் சேந்து வாங்குவோம். பில்லத் துண்டு போட்டு வாங்கிருவோம்."

அப்படித்தான் செய்தார்கள். ஞாயிறுதோறும் ஆறேழு பெண்கள் பஸ் ஏறிச் செம்பூருக்குப் போனார்கள். பதினைந்து வீட்டுச் சாமானையும் ஒன்றாக வாங்கி, ஐந்நூறு ஐந்நூறாகப் பிரித்து பில் போடச் சொன்னார்கள். "ஏக் ஹீ பில் கரோ நா, லைன் தேகோ!" என்று கவுண்ட்டரில் இருந்த பெண், எல்லாவற்றையும் ஒரே பில்லாகப் போடச் சொல்லி, பின்னால் நின்ற வரிசையைக் காட்டிக் கத்தினாள். "உனக்கு ஏ.சி.ல உக்காந்து பட்டன் அமுக்க வலிக்கி, எனக்கு மூட்டை தூக்க வலிக்கலியா?" என்று பேராச்சி தமிழிலேயே பதில் சொன்னாள். அந்தப் பெண்ணுக்கு அது எப்படியோ புரிந்தது.

இரண்டு மாதம் ஓடியது. ஞாயிற்றுக்கிழமைகளில் சபாவுக்கு வீட்டுப் பயிற்சி கொடுக்க வேண்டியிருந்ததால் சுலைகா கடைக்குப் போவதில்லை. வார நாளில் போய்ப் பார்த்துவிட்டு வருவாள். என்னவோ சரியில்லை என்று பட்டது. கல்லியே திரண்டு போய்ப் போட்டும் மூன்று டப்பாக்களும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் இருந்தன.

ஆகஸ்ட் கடைசி ஞாயிறு, சபாவை டீச்சரிடம் விட்டுவிட்டு, என்னதான் நடக்கிறது என்று பார்க்க அவளே போனாள். டப்பாக்களுக்குப் பக்கத்தில் பிஸ்கெட் அடுக்குக்கு முன் நின்றுகொண்டாள். கடை மேனேஜர் சுரேந்திரன், சான்பாடாக்காரன், தமிழ்ப் பையன்தான். "அக்கா, ஓட்டு கேக்கக் கூடாது, ரூல்ஸ்" என்று முன்னாலேயே சொல்லியிருந்தான். அதனால் ஒரு மணி நேரம் ஒரே பிஸ்கெட் பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் படித்தாள்.

அவர்கள் வகுப்பு டப்பாவில் ஒரு பிள்ளையின் படம் ஒட்டியிருந்தது. பொன்னிற முடி, நீலக் கண், பாட்டுக் கேட்கிற ஹெட்ஃபோன். தாராவியில் அப்படி ஒரு பிள்ளை பிறந்திருந்தால் பெற்றவளை ஊர் என்ன சொல்லியிருக்கும் என்று நினைத்து சுலைகாவுக்குச் சிரிப்பு வந்தது.

முதலில் ஒரு பெண் வந்தாள், ஜிம் உடுப்பில். நாய் டப்பாவுக்கு மேல் டோக்கனைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் ஃபோனை உயர்த்தி, உதட்டைக் குவித்துப் படம் எடுத்தாள். படம் சரியில்லை. டோக்கனைப் போடாமல் மறுபடி எடுத்தாள். நாலாவது படத்துக்குத்தான் நாய்க்கு அதிர்ஷ்டம் அடித்தது.

பின்னால் புதிதாகக் கல்யாணமான ஜோடி ஒன்று. அவன் மரம் என்றான், அவள் நாய் என்றாள். "எங்கம்மா சொன்னப்பவே கேட்டிருக்கணும், எதுலயும் நீ எனக்கு எதிர்தான்," என்றாள் அவள். அவன் பயந்துபோய் டோக்கனை நாய்க்கே போட்டான். ட்ராலி தள்ளி வந்த இன்னொருவன் எதையும் படிக்கவில்லை; வாசலுக்கு எது கிட்ட இருந்ததோ அதில் எறிந்துவிட்டுப் போனான். வாசலுக்குக் கிட்ட இருந்தது நாய்.

வேட்டி கட்டிய ஒரு பெரியவர் டோக்கனை விரல்களுக்கு நடுவே செல்லாக் காசு போலப் பிடித்துக்கொண்டு வந்தார். கூட வந்தவர் அவரை "பத்ரிநாராயணன்" என்று கூப்பிட்டார்.

"இதைப் பாத்தேளா ஓய்? என் தக்காளிக்கு எட்டு ரூபா ஜாஸ்தி வாங்கிண்டான். அந்த எட்டு ரூபால இவன் புண்ணியம் கட்டிக்கறான். தூக்கிப் போடற கூலி வேலை மட்டும் எனக்கு!"

"உமக்கும் கொஞ்சம் புண்ணியம் வரட்டுமேன்னுதான்."

"எனக்கு வேணும்னா நான் நேரா குடுத்துட்டுப் போறேன். இவன் யாரு நடுவில, புரோக்கரா?" பெரியவர் சுற்றிலும் பார்த்தார். சுலைகாதான் கிட்ட நின்றாள். "இந்தாம்மா, நீயே எதிலயாவது போட்டுடு. எனக்கு இந்தக் கிலுகிலுப்பை விளையாட்டுல எல்லாம் இஷ்டமில்லை."

சுலைகா அதை வாங்கி வகுப்பு டப்பாவில் போட்டாள். அந்த ஒரு மணி நேரத்தில் பிள்ளைகளுக்கு விழுந்த முதல் டோக்கன் அது. கொடுத்த பெரியவருக்கு எதில் விழுந்தது என்றுகூடத் தெரியாது.

அப்போதுதான் பேராச்சி வந்தாள். பின்னால் அதே கல்லிக் கலைச்செல்வி, இன்னும் நாலு பேர், தலையிலும் இடுப்பிலும் மூட்டைகள். பேராச்சியின் கையில் பத்துப் பன்னிரண்டு டோக்கன். சுலைகாவைக் கவனிக்கவில்லை. மூட்டையை இறக்கிவிட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து, கண்ணை டப்பாக்களின் மட்டத்துக்குக் கொண்டுவந்தாள். ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள். மரத்துக்கு ஏழு போட்டாள். மறுபடி குனிந்தாள். நாய்க்கு மூன்று. பிறகு கலைச்செல்வியைத் திரும்பிப் பார்த்து, "சரியா வந்துட்டுல்லா?" என்றாள்.

"மரத்துக்கு இன்னும் ஒண்ணு போடலாம் மதினி," என்றாள் கலைச்செல்வி.

சுலைகா பிஸ்கெட்டைப் போட்டுவிட்டு ஓடினாள். "யக்கா! என்ன காரியம் செய்யுதிய?"

"ஏட்டி, நீ எப்பம் வந்த? பாரு, மரத்துக்காரவங்களுக்கு அடியோட அடியா கெடந்துச்சு. பாவம்."

"நம்ம டப்பாக்குப் போடலியா?"

"நம்மது நெறஞ்சுதான கெடக்கு?" பேராச்சிக்கு இவள் ஏன் கத்துகிறாள் என்று புரியவில்லை. "நம்ம பைப்படியில என்ன செய்வோம்? ஒருத்தி கொடம் காலியா இருக்கச்செ இன்னொருத்தி ரெண்டாம் கொடம் வைப்பாளா? வச்சா நீயே காலால எத்தி விடுவ. இங்கன வந்து நம்ம கொடத்த மட்டும் ரொப்பிட்டுப் போனா நல்லாவாட்டி இருக்கும்? கண்ணாடி வேற. எல்லாவனும் பாக்கான்."

சுலைகா பேராச்சியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அப்பொ இந்த ரெண்டு மாசமும்?"

"எல்லாரும் அப்படித்தான் போட்டோம். கலைச்செல்விக்குத்தான் கண்ணு சரியா இருக்கு. அவதான் மட்டம் பாத்துச் சொல்லுவா," என்று பெருமையாகச் சொன்னாள் பேராச்சி.

தண்ணீர் வருகிற ரெண்டு மணி நேரத்தில் இருபத்தாறு வீட்டுக் குடங்களுக்கு ஒரு சண்டையும் இல்லாமல் பங்கு வைக்கிற கைகள். அந்தக் கைகள்தான் பஸ் ஏறி வந்து, மூட்டை சுமந்து, கவுண்ட்டரில் ஏச்சு வாங்கி, நாய்க்கும் மரத்துக்கும் பிள்ளைக்கும் ஒரு சொட்டுக்கூடக் குறையாமல் நிரவி வைத்திருக்கின்றன. அழுவதா சிரிப்பதா என்று சுலைகாவுக்குத் தெரியவில்லை.

"யக்கா, இது பங்கு இல்ல. போட்டி. எந்த டப்பா ஒசந்து நிக்கோ அதுக்குத்தான் எல்லாம். மத்தவனுக்கு ஒரு பை பிஸ்கெட்டும் சர்ட்டிபிகேட்டும்தான்."

பேராச்சி நிமிர்ந்தாள். டப்பாக்களைப் பார்த்தாள், மேலே இருந்த போர்டைப் பார்த்தாள், சுலைகாவைப் பார்த்தாள்.

"நாய்க்கும் காது கேக்காத புள்ளைக்கும் போட்டி வச்சவன் எவன்ட்டி? அவன் வீட்டுல சோறு எப்படிப் போடுவான்? புள்ளைகள ஓடவிட்டு ஜெயிச்சவனுக்கு மட்டும் போடுவானோ?"

பில் வரிசையில் நின்றவர்கள்கூடத் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு அவள் குரல் உயர்ந்தது. சுரேந்திரன் ஓடிவந்து "அக்கா, ப்ளீஸ், கஸ்டமர்ஸ்" என்றான். "நாங்க யாரு, கோழிக்குஞ்சா?" என்றாள் கலைச்செல்வி.

மீதி இருந்த மூன்று ஞாயிறும் எல்லாவற்றையும் பிள்ளைகள் டப்பாவிலேயே போட வேண்டும் என்று பேசி முடிவானது. ஆனால் அரிசி, எண்ணெயெல்லாம் ஏற்கெனவே வாங்கி வீட்டில் நிறைந்து கிடந்தது. எத்தனை சோப்புத்தூள்தான் வாங்குவார்கள்? செப்டம்பர் இருபதாம் தேதி டப்பாக்களைத் திறந்து எண்ணினார்கள். நாய்கள் ஜெயித்தன. பத்தொன்பது டோக்கன் வித்தியாசம்.

இரண்டு நாள் கழித்து சுரேந்திரன் ஃபோன் செய்தான்.

"அக்கா, நானும் நம்ம ஆளுதான், அதனால சொல்றேன். ஹெட் ஆபீஸ்ல ஒரு ஸ்பெஷல் கேட்டகிரி இருக்கு. நல்ல வீடியோ வந்துச்சுன்னா முதல் பரிசுக்குச் சமமாத் தருவாங்க. உங்க பொண்ணக் கூட்டிட்டு வாங்க. பத்து நிமிஷ வேலை."

சுலைகா டீச்சரைக்கூடக் கேட்கவில்லை. சபாவுக்கு மஞ்சள் ஃபிராக் போட்டு, முடியை இரட்டையாகப் பின்னி, செம்பூருக்குக் கூட்டிப் போனாள். டப்பாக்கள் இருந்த இடத்தில் இப்போது விளக்குகளும் கேமராவும் இருந்தன. ஹெட் ஆபீஸிலிருந்து வந்த பெண், அட்டையில் க்ளிப் போட்ட தாளைப் பார்த்து ஹிந்தியில் விளக்கினாள். முதலில் மெஷினைக் கழற்றிவிட வேண்டும். அம்மா பின்னாலிருந்து கூப்பிட வேண்டும். பிள்ளை திரும்பாது. அம்மா கண் கலங்க வேண்டும். பிறகு மெஷினை மாட்டி மறுபடி கூப்பிட வேண்டும். பிள்ளை திரும்பும். திரும்பி, கேமராவைப் பார்த்து, கடையின் பேரைச் சொல்லி 'தேங்க்யூ' என்று சொல்லும்.

"மெஷின் நாங்க வாங்கினதுல்லா? உங்க கடைக்கு அவ எதுக்குத் தேங்க்யூ சொல்லணும்?" என்றாள் சுலைகா.

"அது ஒரு இதுக்காக அக்கா," என்றான் சுரேந்திரன். "பாக்கறவங்க மனசு இளகணும்ல?"

லேபர் கேம்ப் அறையின் ஜன்னல் சுலைகாவின் கண்ணில் வந்தது. மூடினால் வெளிச் சத்தம் பாதியாகக் குறைகிற கனத்த பழைய ஜன்னல். அறை பார்க்கப் போன அன்று டீச்சர் அதை மூடி, திறந்து, மூடி, சிறுபிள்ளை மாதிரிச் சந்தோஷப்பட்டார். பத்து நிமிஷம்தானே. சுலைகா மண்டியிட்டு மகளின் காதுக்குக் கையைக் கொண்டுபோனாள்.

சபா இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டாள். அத்தனை புதுமுகங்களுக்கு நடுவில் உலகத்தை அணைத்துவிடப் போகிறார்கள் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. "ம்மா, ணா," என்றாள். வேண்டாம் என்பதில் அவளுக்கு அவ்வளவுதான் வந்திருந்தது. அதுவரை வருவதற்கு ஐந்து மாதம் ஆயிற்று.

"பஹுத் க்யூட்! இதையும் எடுத்துக்கோ," என்றாள் ஹெட் ஆபீஸ் பெண், கேமராக்காரனிடம்.

சுலைகா எழுந்தாள். மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"வேண்டாம் தம்பி."

"அக்கா, ஒரு நிமிஷம்க்கா..."

"ஒரு நிமிஷம்தானே? நீ வாயக் கட்டிக்கிட்டு இங்கன நில்லு. நான் உன் முதலாளியக் கூப்பிட்டு, 'இவனுக்குப் பேச்சு வராது, பாத்து எதாச்சும் போடுங்க'ன்னு சொல்லுதேன். வீடியோ எடுத்து உன் பொண்டாட்டிக்கு அனுப்புவோம். சரியா?"

சுரேந்திரன் முகம் சுருங்கியது. நல்ல பையன்தான், வேலை அப்படி. வெளியே போகிறவளை நிறுத்தி, அவன் கையிலிருந்த டேப்லெட்டைத் தயங்கித் தயங்கி நீட்டினான். "இந்த ஃபீட்பேக் மட்டும்... எல்லாப் பார்ட்னர்ஸும் குடுக்கணும்." 'இந்தத் திட்டம் உங்களுக்கு எப்படி இருந்தது?' என்ற கேள்விக்குக் கீழே மூன்று பொம்மை முகங்கள். ஒன்று சிரித்தது, ஒன்று பல் தெரியச் சிரித்தது, மூன்றாவதற்குக் கண் இருந்த இடத்தில் இதயம்.

"மூஞ்சியச் சுளிக்கிற பொம்மை எங்க?"

"அது... டிசைன்ல இல்லக்கா."

"நல்ல டிசைன்," என்றாள் சுலைகா.

பஸ்ஸில் வரும்போதுதான் பயம் பிடித்தது. கோபமாக எழுந்து வந்துவிட்டாள்; சரி. பதினோரு பிள்ளைகளின் அறை அதோடு போயிற்று. டீச்சரிடம் என்ன சொல்வது? நஜிமுதீனிடம் என்ன சொல்வது? 'அப்பமே சொன்னேன்ல' என்பான். சொல்லட்டும் என்று நேராகப் பட்டறைக்கே போனாள்.

எட்டு மெஷினும் ஓடிக்கொண்டிருந்தன. நஜிமுதீன் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு வெளியே வந்தான். அவள் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள், மகள் காதைப் பொத்தியது வரைக்கும். அவன் சபாவை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டான்.

"எம்புள்ள பேசப் பழகுதது என்னிய வாப்பான்னு கூப்பிட. கடைக்காரனுக்குத் தேங்க்யூ சொல்ல இல்ல. நீ செஞ்சது சரி."

"நீங்கதான் மொதல்லயே சிரிச்சியள்லா, இந்த டோக்கனப் பாத்து."

அவன் தலையைச் சொறிந்தான். பின்னாலிருந்து பூதத்தான் கத்தரிக்கோலோடு எட்டிப் பார்த்தான். "யாரு, முதலாளியா சிரிச்சாரு? மூணு மாசமா பட்டறைக்கு டீத்தூளு, சீனி, பால் பவுடரு எல்லாம் அந்தக் கடையிலதான வருது! புதங்கிழமை ஆனா ஸ்கூட்டர எடுத்துட்டுச் செம்பூரு போயிருவாரு."

"வே, உம்ம வேலயப் பாரும்!" என்றான் நஜிமுதீன்.

சுலைகா அவனை மேலும் கீழும் பார்த்தாள். "எந்த டப்பாவுல போட்டிய மச்சான்?"

"இது என்ன கேள்வி? நம்ம புள்ள டப்பாவுலதான். எல்லாத்தயும்."

"மட்டம் பாக்கலியா?"

"என்ன மட்டம்?"

ஆண்களுக்குப் பைப்படி நியாயம் எங்கே தெரியப்போகிறது. ஒரு குடம் தூக்கியிருந்தால்தானே! மூன்று மாதத்தில் முதல்முறையாக சுலைகா வாய்விட்டுச் சிரித்தாள். சிரிப்பு நிற்கும்போது கண்ணில் தண்ணீர் நின்றது. "சரி, சிரிச்சாச்சு. இனி எங்க போக? எட்டு நாள்ல ரூம காலி பண்ணணும்."

நஜிமுதீன் மகளைத் தோள் மாற்றினான். உள்ளே ஓடுகிற மெஷின்களைப் பார்த்தான். "மூணு மணிலேருந்து அஞ்சு மணி, அவ்வளவுதான வகுப்பு?"

"ஆமா."

"சத்தம் போடுத வேல தையலும் ரிவிட் அடிக்கதும்தான். வெட்டுதது, மார்க் பண்ணுதது, நூல் கழிக்கது, ஜிப்புக்கு ரன்னர் மாட்டுதது எல்லாம் சத்தமில்லாத வேலதான? பாதி வேல சத்தமில்லாத வேல! அத நாள் பூரா துண்டு துண்டா செய்யுதோம். எல்லாத்தயும் மூணு டு அஞ்சுல வச்சுக்கிட்டா என்ன கேடு? ஆளுக பரண் மேல்தட்டுல ஏறிக்கிடட்டும். புள்ளைக கீழ."

"பீஸ் கணக்கு ஆளுகளுக்குக் கொறஞ்சிராதா?"

"எட்டு மணிக்கு வாரவன் ஏழரைக்கு வரட்டும். நானும் வாரேன்." அவன் எரிச்சலோடு தலையை ஆட்டினான், தன் மேலேயே. "இது மொதல்ல தோணியிருந்தா மூணு மாசம் செம்பூருல போய்ப் பிளாஸ்டிக்குப் பொறுக்கியிருக்க வேண்டாம். துட்டு வச்சிருக்கவனுக்குத்தான் வழி தெரியும்னு நெனச்சோம் பாரு."

மறுநாள் பானுமதி டீச்சர் வந்து பார்த்தார். சுவரில் தட்டினார், கதவை மூடித் திறந்தார். மூலையில் தொங்கிய ரெக்ஸின் சுருள்களைத் தொட்டு, "இதை எல்லாம் சுவத்தோரமா நிறுத்தினா எதிரொலி அடங்கும். லேபர் கேம்ப்ல இது கிடைச்சிருக்காது," என்றார். பேராச்சியும் கலைச்செல்வியும் தரையைக் கழுவிவிட்டார்கள்.

அக்டோபர் முதல் வாரம் வகுப்பு தொடங்கியது. மூன்று மணிக்கு நஜிமுதீன் மெயினை அணைத்தான். எட்டு மெஷினும் ஒன்றாக நின்றபோது பக்கத்து அப்பளப் பட்டறைக்காரன் கரண்ட் போய்விட்டதா என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனான். ஒன்பது ஆட்களும் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, ஏணியில் பூனை மாதிரி மேல்தட்டுக்கு ஏறினார்கள். கூடமாட உதவிக்கு சுலைகாவும் ஏறினாள். குனிந்துதான் உட்கார முடியும். அவளும் நஜிமுதீனும் ஒரே பையின் இரண்டு பக்கத்திலும் நூல் கழித்தார்கள். தோளோடு தோள் இடித்தது. அவன் நகரவில்லை, அவளும் நகரவில்லை.

கீழே டீச்சர், உதட்டைப் பார்க்காமல் காதால் கேட்கட்டும் என்று ஒரு தாளால் வாயை மறைத்துக்கொண்டு, "ப... பா... பால்," என்று சொன்னார். பதினோரு பிள்ளைகளும் ஆளுக்கொரு விதமாய்த் திருப்பிச் சொன்னார்கள். மேலே ஒருவரும் மூச்சு விடவில்லை.

பூதத்தான் மூக்கைப் பிடித்துக்கொண்டு நஜிமுதீனின் காதருகே வந்தான். "முதலாளி, தும்மல் வருது. என்ன செய்ய?"

"எறங்கி மெயின் ரோட்டுக்குப் போய்த் தும்மிட்டு வாரும்."

"ஏணி எறங்கதுக்குள்ள வந்துருமே!"

சுலைகா முந்தானையைச் சுருட்டி வாயில் வைத்துக்கொண்டாள். சிரிப்பை அடக்கியதில் அவள் உடம்பு குலுங்கியது. அது தோள் வழியாக நஜிமுதீனுக்கும் தொற்றியது. அவன் பல்லைக் கடித்தபடி பூதத்தானின் மூக்கை இரண்டு விரலால் இறுகப் பிடித்துக்கொண்டான். கீழே மூன்றாவது வரிசையில் சபா, உதட்டைக் குவித்துப் பார்த்துப் பார்த்து, "பா" என்று மறுபடி சொன்னாள்.